தனுஷ்கோடியில் நண்டுதின்னிப் பறவை: எங்கே நின்று, எந்த நீர்மட்டத்தில் படமெடுப்பது?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து, தை மாதத்தின் பிற்பகுதியில் இராமேசுவரத்தில் சில நாள்கள் தங்கத் திட்டமிட்டிருக்கிறேன். கிராப் ப்ளோவர் எனப்படும் நண்டுதின்னியைப் பார்ப்பதும், முடிந்தால் உருப்படியாக ஒரு படம் எடுப்பதும்தான் என் நோக்கம். கோயிலும் தீர்த்தமும் வீட்டார் பொறுப்பு. கையில் 150-600 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. கூந்தங்குளம், வேடந்தாங்கல் போன்ற ஏரிகளில் படமெடுத்த பழக்கம் உண்டு. கடற்கரைப் பறவைகள் எனக்குப் புதியவை. மனோலித் தீவில் இவை நிறைய இறங்கும் என்று படித்தேன். அங்கே செல்லப் படகு கிடைக்குமா, அல்லது தனுஷ்கோடியிலேயே பார்க்க முடியுமா, எந்த நேரம் ஏற்றது என்பதை அந்தப் பக்கத்து நண்பர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாம்பன் கரை எழுதியது:

மனோலித் தீவை மறந்துவிடுங்கள், தம்பி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்குவது சட்டப்படி குற்றம். தெரிந்த படகுக்காரர் இருக்கிறார், விடியுமுன் போய்த் திரும்பிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், மாட்டிக்கொள்ளும்போது உங்களுக்கு அபராதத்தோடு போய்விடும், அவருக்குப் பிழைப்பே போய்விடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும், தொண்டிப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கும் வனத்துறை ஏற்பாட்டில் படகுகள் ஓடுகின்றன. வீட்டாரை அழைத்துச் செல்ல அவை நல்ல இடங்கள். ஒரே இடத்தில் அசையாமல் காத்திருந்து படமெடுக்க விரும்புகிறவருக்கு ஒத்துவராது.

தனுஷ்கோடி போதும். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு, முன்பு வேன் பிடித்து மணலில் குலுங்கிச் சென்ற தூரத்தை இப்போது உங்கள் காரிலேயே கடக்கலாம். பெருமளவு கூட்டம் நேரே முனைக்குச் சென்று, கடலைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடும். இடைப்பட்ட சேற்றுப் பரப்புகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது அந்த இடைப்பட்ட பகுதிதான். மாலையில் சோதனைச் சாவடியினர் வண்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கும் நேரத்தை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நீர்மட்டத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஓதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. நீர் உயர்ந்து நிற்கும் ஏற்றத்துக்கும் இறங்கி நிற்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் பரப்பு தட்டையாக இருப்பதால், ஒரு சாண் நீர் இறங்கினாலே கண்ணுக்கெட்டிய தூரம் சேறு வெளிப்பட்டுவிடும். முழு வற்றில் பறவைகள் அந்தப் பரப்பெங்கும் சிதறி நண்டு பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் லென்ஸில் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் திரும்பி ஏறத் தொடங்கும்போது, மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க, அவை மிச்சமிருக்கும் மேட்டை நோக்கித் தாமாகவே நகர்ந்து வரும். ஆகவே வற்று முடிவதற்குச் சற்று முன்பே சென்று, கடைசியாக மூழ்கக்கூடிய மேட்டுக்கு எட்டத்தில் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் பறவையைத் தேடி ஓர் அடிகூட வைக்க வேண்டியதில்லை. வற்று நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும் என்பதால், முதல் நாள் கண்ட நேரத்தை மறுநாளும் நம்பிச் செல்லாதீர்கள்.

நீங்கள் தையைத் தேர்ந்தெடுத்தது நல்லது. வாடைக் காற்று ஓங்கும் ஐப்பசி, கார்த்திகையில் கடல்மட்டமே பொதுவாக உயர்ந்திருக்கும். பாக் விரிகுடாப் பக்கம் அலையும் மோதும். அட்டவணையில் வற்று என்று போட்டிருந்தாலும் சேறு தலைகாட்டாது.

சபராளி (கீழக்கரை, தற்போது அபுதாபி) எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை பார்க்கும் நாட்டின் தீவுகளில்தான் இந்தப் பறவை குஞ்சு பொரிக்கிறது. அரேபியத் தீபகற்பத்தைச் சுற்றியுள்ள கரைகளும், ஈரான், செங்கடல், சோமாலியக் கரைகளும் இதன் பிறந்தகம். ஏப்ரல் தொடங்கிக் கோடை முழுவதும் அங்கே கூட்டம் கூட்டமாக மணலில் வளை தோண்டி, ஒவ்வொரு இணையும் ஒரே ஒரு வெள்ளை முட்டையிடும். கரையிலும் சேற்றிலும் இரை தேடும் உள்ளான் வகைப் பறவைகள் பெரும்பாலும் திறந்த நிலத்தில், மண்நிறப் புள்ளிகள் கொண்ட முட்டைகளை இடுபவை; வளைக்குள் அடைகாப்பது இது ஒன்றுதான். வெளியே மணல் கொதிக்கும்போது வளைக்குள் வெப்பம் ஏறக்குறைய சீராக இருப்பதால், தாய் தந்தை வெகுநேரம் முட்டையை விட்டு அகன்றாலும் கேடில்லை. விலங்கியலாளர்கள் இதைத் தனிக் குடும்பமாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் வேறு எந்தப் பறவையும் இல்லை.

கோடை முடிந்ததும் கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாசுகர், இந்தியா, இலங்கை, அந்தமான் என்று பிரிந்து செல்லும். பிழைப்புக்காக வெளிநாடு சென்ற எங்கள் ஊர்ச் சபராளிகள் விடுமுறைக்கு வருவதைப் போல இவையும் ஆண்டுதோறும் அதே கரைக்கு வந்து சேருகின்றன. என்ன, எங்களுக்கு ஒரு மாதம்தான் கிடைக்கும், இவற்றுக்கு ஆறேழு மாதம்.

வைகைக்கரை நண்பருக்கு ஒரு குறிப்பு. கூட்டத்தில் முதுகு கரிய நிறமாக இல்லாமல் சாம்பல் பூத்து, உச்சந்தலையில் மெல்லிய கீற்றுகளோடு சில பறவைகள் இருக்கும். அவை அந்த ஆண்டு பிறந்தவை. பறக்கக் கற்று, கடல் கடந்து வந்த பிறகும் பெற்றோரிடம் இரை கேட்கும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. பெற்றோர் நண்டைக் கொண்டுவந்து கொடுக்கும் காட்சி கிடைத்தால், அதுவே பெரிய படம்.

ஒளிவேட்டை எழுதியது:

சென்ற மாதம் நான் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும் காட்சி. இடத்தையும் வரைபடத்தில் குறித்திருக்கிறேன், யாருக்கும் பயன்படட்டும். மேலே எழுதிய ஐயா சொல்வதைப் போல மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க எல்லாருக்கும் நேரம் இருப்பதில்லை. நீர் ஏறிய பிறகு அவை ஒரே திட்டில் நெருக்கமாக நிற்கும். அப்போது நேராக நடந்து சென்றால் ஒரு கட்டத்தில் எழுந்து பறக்கும், அருமையான படம் கிடைக்கும். சிறிது தூரம் பறந்துவிட்டு மீண்டும் இறங்கிவிடுகின்றன. உலக அளவில் இது அழியும் நிலையில் உள்ள பறவையும் அன்று. அளவுக்கு மீறி அஞ்ச வேண்டாம் என்பது என் கருத்து.

பாம்பன் கரை எழுதியது:

படம் தொழில்நுட்ப அளவில் நன்றாக இருக்கிறது; அதில் எனக்கு மறுப்பில்லை. அது எடுக்கப்பட்ட முறைதான் நெருடுகிறது. நீர் ஏறியிருக்கும் அந்தச் சில மணி நேரம், மேய வழியில்லாத பறவை தான் தின்ற நண்டைச் செரித்துக்கொண்டு, இறகு கோதி, ஒற்றைக்காலில் கண் மூடும் நேரம். இவை அந்தியிலும் இரவிலும்கூட மேய்பவை என்பதால் பகல் ஓய்வு இவற்றுக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் மணல்திட்டு ஒன்றோ இரண்டோதான் எஞ்சியிருக்கும். நீங்கள் எழுப்பினால் அவை வேறெங்கும் போக முடியாமல்தான் அதே இடத்தில் மீண்டும் இறங்குகின்றனவே தவிர, உங்களைப் பொருட்படுத்தாமல் அன்று. ஞாயிற்றுக்கிழமையில் உங்களுக்குப் பின் வரும் ஒவ்வொருவரும் அதே படத்துக்காக அதே நடையை நடந்தால், பங்குனி கடைசியில் கடல் தாண்டப் புறப்பட வேண்டிய பறவை தன் உடம்பில் கொழுப்பைச் சேர்ப்பது எப்படி?

நாங்கள் அன்றாடம் பார்க்கிற ஒன்றையும் சொல்கிறேன். தனுஷ்கோடிப் பக்கத்து மீனவர் குடியிருப்பான கம்பிப்பாட்டில் கரைவலை இழுக்கும்போது இருபது முப்பது பேர் குரல் கொடுத்துக்கொண்டு கயிற்றைப் பின்னோக்கி இழுப்பார்கள். அத்தனை சத்தத்துக்கும் சற்றுத் தள்ளி உள்ளான்கள் மேய்ந்துகொண்டுதான் இருக்கும், ஏனென்றால் அந்த ஆள்கள் பறவையைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் நடை அதை நோக்கி வருவதும் இல்லை. கேமராக்காரர் ஒருவர் ஓசையே இல்லாமல் குனிந்து குனிந்து முன்னேறினால், கூட்டம் முழுவதும் கழுத்தை நீட்டிவிடும். குனிந்து, நேர்கோட்டில், நின்று நின்று வருவது வேட்டையாடும் விலங்கின் நடை அல்லவா?

நண்டுதின்னி எழுவதற்கு முன் சொல்லிவிடும். முதலில் மேய்ச்சல் நிற்கும். பிறகு கழுத்துகள் உயர்ந்து, எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். அடுத்து உங்களுக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கும். கழுத்து உயர்ந்த நிலையிலேயே நின்றுவிட வேண்டும். தணியவில்லை என்றால் பின்வாங்கிவிட வேண்டும். நாய்களையும் கவனியுங்கள். முனைக்குப் பக்கத்தில் பிஸ்கட் போட்டால் அவை உங்கள் பின்னாலேயே சேற்றுப் பரப்பு வரை வந்து, நீங்கள் செய்யாத வேலையையும் செய்து முடித்துவிடும்.

உள்ளான் பித்தன் எழுதியது:

விவாதத்துக்கு இடையே குறுக்கிடுகிறேன். ஒளிவேட்டை அவர்களே, உங்கள் படத்தின் இடது கீழ் மூலையில், நண்டுதின்னிகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சில பறவைகள் எழுகின்றனவே, அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? முதலில் சாம்பல் உப்புக்கொத்தி என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்கு அலகு குட்டையாக, தடித்து இருக்கும். இறக்கை தூக்கும்போது அக்குளில் கரிய திட்டு பளிச்சென்று தெரியும். இங்கே அது இல்லை. அலகு தலையைவிடச் சற்று நீளமாக, நுனியில் மட்டும் இலேசாக வளைந்திருக்கிறது. மார்பில் கரும்புள்ளிகள் அடர்ந்து, வயிற்றுப் பக்கவாட்டில் சிதறுகின்றன. வால் மேல் பகுதி வெளிறியிருக்கிறது. வளைமூக்கு உள்ளானுக்கு உடல் இவ்வளவு பருமனாக இராது. எனக்குத் தெரிந்து இந்த அடையாளங்கள் எல்லாம் கிரேட் நாட் என்னும் பெரிய உள்ளானுக்கே பொருந்துகின்றன.

அப்படியானால், நீங்கள் எடுத்த படத்தில் உண்மையிலேயே அரிய பறவை அதுதான். நண்டுதின்னி உலகப் பட்டியலில் கவலைக்குரியதன்று என்று நீங்கள் சொன்னது சரி; தமிழ்நாட்டில் சில கரைகளில் மட்டுமே தென்படுவதால் நமக்கு அரிது, அவ்வளவுதான். பெரிய உள்ளான் அப்படியில்லை. வடகிழக்குச் சைபீரிய மலைகளில் முட்டையிட்டு, பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் இந்தப் பறவை, வழியில் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்று நிலங்களை நம்பியிருக்கிறது. தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தை 33 கி.மீ. நீளக் கடல் சுவர் 2006இல் அடைத்த பிறகு எண்ணிக்கை பெரிதும் சரிந்து, 2015 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. நம் கரைக்கு வருபவை சிறு கூட்டங்களே. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை முன்னால் நிற்கும்போது, பின்னால் நிற்கும் சாம்பல் பறவையின் மேல் யாரும் குவியத்தை வைப்பதில்லை. நம் பறவைப் படங்களில் பாதிச் செய்தி இப்படித்தான் மங்கலாகிப் போகிறது. மூலப் படத்தை வெட்டாமல் ஏற்ற முடியுமா?

ஒளிவேட்டை எழுதியது:

ஏற்றியிருக்கிறேன், பாருங்கள். அந்தப் பறவைகளைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. நடந்து எழுப்புவதைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் இடத்தைச் சொல்லக் கூடாது என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை ஏற்க மாட்டேன். இடத்தை மறைத்தால் ஒரு சிறு வட்டத்தினர் மட்டும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு போய் எடுப்பார்கள். மக்களுக்குத் தெரியாத இடத்தை நாளை யாராவது மண் கொட்டி மேடாக்கினால், கேட்பதற்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

தங்கச்சிமடத்துக்காரி எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி. இடம் யாருக்கும் தெரியாதது போலப் பேசுவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டு ஆண்களும், பாசி எடுக்கப் போகும் பெண்களும் அந்தத் திட்டுகளை ஆண்டு முழுவதும் பார்க்கிறவர்கள். 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தபோது, இங்கே பல வீடுகளில் எழுந்த முதல் கேள்வி, இனி வலை இழுக்க விடுவார்களா என்பதுதான். பறவை பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் பேசினால் அந்த அச்சம் குறையும். தீவுக்குக் கள்ளத்தனமாக ஏற்றிப் போகச் சொன்னால் கூடும்.

என் கருத்து இதுதான். சாலையிலிருந்து பார்க்கக்கூடிய சேற்றுப் பரப்பைத் தாராளமாகச் சொல்லுங்கள். நீர் ஏறும்போது அவை அடையும் திட்டை மட்டும் வரைபடத்தில் குத்திக் காட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

ஒளிவேட்டை எழுதியது:

இந்த வேறுபாடு எனக்கு உடன்பாடே. திட்டின் குறியை நீக்கிவிட்டேன். சாலையோர இடம் அப்படியே இருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேமரா பற்றி ஒரு ஐயம். தொலைவில் இருக்கும் வெள்ளைப் பறவையை எடுத்தால், படத்தில் ஒன்று வெள்ளை வெந்து போகிறது, அல்லது எல்லாம் மங்கிப் போகிறது. கடற்கரையில் இதை எப்படிச் சமாளிப்பது? ட்ரோன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உடன் வர விரும்புகிறார், அதையும் கேட்டுவைக்கிறேன்.

பாம்பன் கரை எழுதியது:

ட்ரோனை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. முனைக்கு அப்பால் பன்னாட்டுக் கடல் எல்லை. (அந்தத் தளத்தின் பெயரே ஐ.என்.எஸ். பருந்து. வானில் பருந்து ஒன்று போதும்.) பறவைகளுக்கும் மேலிருந்து வரும் எதுவும் வேட்டைப் பறவையான பைரியாகத்தான் தெரியும்.

வெள்ளை வெந்து போவதற்குக் காரணம் பின்புலம். கருநீல நீருக்கு முன்னால் பறவை நின்றால், கேமரா இருட்டு என்று எண்ணி ஒளியைக் கூட்டி, வெள்ளையை எரித்துவிடும். பளபளக்கும் மணலுக்கு முன்னால் நின்றால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைத்து, பறவையைச் சாம்பலாக்கிவிடும். பறவை ஒன்றே, வெயிலும் ஒன்றே. ஆகையால் ஒளியளவை நாமே அமைக்கும் மேனுவலில் வைத்து, மார்பு வெள்ளையில் இறகின் கோடுகள் தெரியும் அளவுக்கு ஒருமுறை அமைத்துவிட்டு, வெயில் மாறும் வரை தொடாதீர்கள். கறுப்பு முதுகில் போகும் விவரத்தை ரா கோப்பிலிருந்து (கேமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பு) ஓரளவு மீட்கலாம். எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. ஓடி நண்டைக் குத்தும் வேகத்துக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/2000 பங்கு வேண்டும்.

மங்கலுக்கு உங்கள் லென்ஸ் பொறுப்பன்று, கானல்தான் காரணம். வெயில் ஏறிய பிறகு மணலுக்கு மேல் காற்று நெளியத் தொடங்கிவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் இறகு தெளிவாகப் பதியாது. காலை முதல் இரண்டு மணி நேரமும் மாலைக் கடைசியும்தான் நம்பத்தக்கவை. மார்கழி, தையில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், சாலைக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் இருக்கும் பரப்பைச் சாலையோரமாக நின்று எடுத்தால், காலையிலும் மாலையிலும் ஒளி உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்தே விழும். ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, அரிசி நிரப்பிய பையில் லென்ஸைக் கிடத்தி எடுங்கள். வண்டியைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. கதவு திறந்து கால் தெரிந்தால்தான் எழும். சேற்றில் இறங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், மேலே வெயிலில் காய்ந்து உப்புப் பூத்த பொருக்கு கெட்டியாகத் தோன்றினாலும், அடியில் முழங்கால் வரை கரும்சேறு இருக்கும். அறைக்குத் திரும்பியதும் ஈரத் துணியால் கேமராவையும் முக்காலியையும் துடையுங்கள். உப்பு ஓர் இரவில் திருகாணிகளைப் பிடித்துக்கொள்ளும்.

வைகைக்கரை எழுதியது:

போய்த் திரும்பிவிட்டேன். ஐயா சொன்னபடி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முதல் காலை நீர் வற்றவே இல்லை. பூநாரைகளையும் கடற்காகங்களையும் பார்த்ததோடு சரி. அடுத்த காலையில் நீர் திரும்பும் நேரத்தில் நண்டுதின்னிகள் ஐந்தாறு நடந்தே சாலைப் பக்கம் வந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்ததை எழுதுகிறேன்: பெரிய பறவை ஒன்று அசையாமல் நின்று, திடீரென்று நாலடி ஓடி, அலகைச் சேற்றுக்குள் கண் வரை செருகி ஒரு நண்டை இழுத்தது. நண்டு அலகைக் கவ்விக்கொண்டது. அதைத் தரையில் போட்டுப் போட்டுக் குத்தி, ஒரு பக்கத்துக் கால்களை உதறி எடுத்தது. சாம்பல் முதுகுடைய இளம் பறவை தலையைத் தாழ்த்திக் கூனிக்கொண்டு, விடாமல் குரல் கொடுத்தபடி பக்கத்திலேயே தொடர்ந்தது. மூன்றாவது நண்டைத்தான் அதற்குக் கொடுத்தது; முதல் இரண்டையும் தானே விழுங்கிவிட்டது. கொடுத்த தருணம் சற்றே குவியம் தவறிப் பதிந்திருக்கிறது. கெஞ்சும் படம் தெளிவாக வந்திருக்கிறது, இணைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. அதே பரப்பில் மேய்ந்த சிறு உப்புக்கொத்தி ஒன்றின் காலில் நிறக் கொடி போன்ற ஒன்று தெரிந்தது. அதை யாரிடம் தெரிவிப்பது?

உள்ளான் பித்தன் எழுதியது:

கெஞ்சும் படத்தில் அந்தக் குனிந்த கழுத்து அபாரம். கொடியைப் பற்றி மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். 1980களிலேயே மண்டபம் பகுதியில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்தவர்கள் அவர்கள். எந்த நிறம், ஒரே கொடியா இரண்டா, இரண்டென்றால் மேலே எது கீழே எது, இடக்காலா வலக்காலா, மூட்டுக்கு மேலேயா கீழேயா, எழுத்தோ எண்ணோ இருந்ததா என்பதைத் தேதியோடும் இடத்தோடும் குறிப்பிடுங்கள். நிறச் சேர்க்கையை வைத்தே அது எந்த நாட்டில் பொருத்தப்பட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மங்கலாக இருந்தாலும் அந்தப் பறவையின் எல்லாப் படங்களையும் வெட்டாமல் அனுப்புங்கள். பறவை உங்களைப் பார்த்து நின்ற படம் எது, முதுகு காட்டி நின்ற படம் எது என்று தெரிந்தால்தான் இடமும் வலமும் மாறிப் போகாது.